முதலில் ஓடி வருபவரை யார் போய்ப் பார்ப்பது?

2025 மே 13, செவ்வாய்க்கிழமை காலை. தெலுக் இந்தானில் சித்ரா பௌர்ணமித் திருவிழா முடிந்திருந்தது. பாகான் டத்தோ, ஊத்தான் மெலிந்தாங் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து தேர் பார்க்கப் போனவர்கள் வீடு திரும்பி, கால் வலியோடு படுத்திருந்த நேரம். அந்தத் திருவிழாவுக்குப் பாதுகாப்புக் கொடுத்துவிட்டு ஈப்போவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது கலகத் தடுப்புப் போலீஸ் படையின் டிரக். சிக்குஸ் – சுங்கை லம்பாம் சாலையில் கல் ஏற்றி வந்த லோரியும் அதுவும் மோதிக்கொண்டன. டிரக்கில் இருந்த 18 பேரில் 9 பேர் உயிரிழந்தனர்.

பாகான் டத்தோக்காரர்களுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. 2017-இல் தனி மாவட்டமாகும் வரை நாம் ஹிலிர் பேராக் மாவட்டத்தின் பகுதியாகத்தான் இருந்தோம். இன்றும் பெரிய சந்தை, பெரிய மருத்துவமனை, பெரிய திருவிழா எல்லாவற்றுக்கும் தெலுக் இந்தானுக்குத்தான் போகிறோம். இறந்தவர்களோ நம் சாமி ஊர்வலத்துக்குக் காவல் நின்றவர்கள். அவர்கள் குடும்பங்களுக்கு நாம் நன்றிக்கடன் பட்டவர்கள்.

இப்படி ஒரு விபத்து நடந்தால் செய்திகளில் இரண்டு பட்டியல்கள் வரும். ஒன்று இறந்தவர்கள், மற்றொன்று காயமடைந்தவர்கள். மூன்றாவது பட்டியல் ஒன்று உண்டு. அதை யாரும் எழுதுவதில்லை. நசுங்கிய இரும்பை வெட்டித் திறந்த தீயணைப்பு வீரர், மூச்சு இருக்கிறதா என்று குனிந்து பார்த்த மருத்துவ உதவியாளர், சாலையைத் தடுத்து நின்ற போலீஸ்காரர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர், வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஓடி வந்த வழிப்போக்கர் ஆகியோரின் பட்டியல் அது. அவர்கள் உடம்பில் ஒரு கீறல்கூட இருக்காது. அன்று மாலை வீட்டுக்குப் போவார்கள். மறுநாள் வேலைக்கும் வருவார்கள். ஆகவே அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நாம் முடிவு செய்துவிடுகிறோம்.

நம் வழக்கத்தில் இறந்தவருக்குக் காரியம் உண்டு; எட்டு, பதினாறு என்று நாள் கணக்கும் உண்டு. துக்க வீட்டுக்குப் போய் வந்தவர்கூடக் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவார். உடலைத் தூக்கியவர் தன் உடம்பைக் கழுவிக்கொள்ள வழி வைத்தோம். அவர் மனத்துக்கு என்ன வழி வைத்தோம்?

எங்கள் வீட்டுக் கதை

என் பெரியப்பா தோட்டத்தில் வேன் ஓட்டியவர். ஆம்புலன்ஸ் வந்து சேர நேரமாகும் இடம் என்பதால், அடிபட்டவர்களை ஏற்றிக்கொண்டு தெலுக் இந்தான் மருத்துவமனைக்குப் பறப்பதும் அவர் வேலையாகிவிட்டது. யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. சம்பளமும் இல்லை. வண்டி வைத்திருப்பவர் அவர். கூப்பிட்டால் மறுக்காதவரும் அவர். அவ்வளவுதான்.

ஓர் இரவு மோட்டார் விபத்தில் அடிபட்ட 17 வயதுப் பையனை ஏற்றிக்கொண்டு போனார். பின்னால் படுத்திருந்தவன், “மாமா, வேகமா போங்க, மாமா” என்று சொல்லிக்கொண்டே வந்தானாம். பாதி வழியில் குரல் நின்றுவிட்டது. பெரியப்பா வண்டியை நிறுத்தவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை.

அதற்குப் பிறகு அவர் அந்தச் சாலையில் போவதை விட்டார். சுற்று வழியில்தான் போவார். இரவில் மோட்டார் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துகொள்வார். சின்ன விஷயத்துக்கெல்லாம் கத்துவார். கல்யாண வீட்டுக்கு வர மாட்டார். வந்தாலும் பந்தலுக்கு வெளியே நின்றுவிடுவார். அவருக்குக் கோபம் அதிகம் என்று வீட்டில் சொன்னோம். எத்தனை பேரைத் தூக்கியிருக்கிறார், அவர் மனசு கல்லு என்று ஊரில் சொன்னார்கள். பல்கலைக்கழகத்தில் உளவியல் வகுப்பில் மனக்காயத்தின் அறிகுறிகளை வரிசையாகப் படித்தபோது, பாடப்புத்தகத்தில் என் பெரியப்பாவைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் யாருக்கும் அது தெரியாமல் இத்தனை ஆண்டுகள் போயிருந்தன.

பெயர் வைக்கவே காலம் பிடித்தது

ஆபத்தைக் கண்டதும் உடல் தானாகவே தயாராகிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, தசை முறுக்கேறுகிறது, கண்ணும் காதும் கூர்மையாகின்றன. அந்த நேரத்தில் உயிரைக் காப்பாற்றுவது இந்த ஏற்பாடுதான். வேலை முடிந்ததும் அது அடங்க வேண்டும். பெரும்பாலோருக்குச் சில நாள்களிலோ சில வாரங்களிலோ அடங்கிவிடுகிறது. கெட்ட கனவு வரும், பசி இருக்காது, அழுகை வரும். பிறகு மெல்ல மெல்லக் குறையும். இது நோய் அல்ல. மனம் தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும் முறை.

சிலருக்கு அது அடங்குவதில்லை. ஒரு மாதம் கடந்த பிறகும் அந்தக் காட்சி கூப்பிடாமலேயே கண் முன் வந்து நிற்கிறது. அந்த இடத்தை, அந்தப் பேச்சைத் தவிர்க்கத் தோன்றுகிறது. எப்போதும் ஏதோ நடக்கப் போகிறது என்ற பதற்றம். எல்லாவற்றுக்கும் தானே காரணம் என்ற குற்றவுணர்ச்சி. இவை சேர்ந்து அன்றாட வாழ்க்கையைக் குலைத்தால், அதைத்தான் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்கிறார்கள்.

வியட்நாம் போர் முடிந்த பிறகு, 1980-இல்தான் அமெரிக்க உளநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் இந்தப் பெயர் இடம்பெற்றது. ஆபத்தில் தானே சிக்கியவருக்கு மட்டும் அல்ல, மற்றவர்களுக்கு நேர்ந்த கொடுமையின் எச்சங்களை வேலையின் பொருட்டு மீண்டும் மீண்டும் காண நேர்பவருக்கும் இந்தக் காயம் ஏற்படலாம் என்று அதே கையேட்டின் 2013-ஆம் ஆண்டுப் பதிப்பு எழுதியது. அதற்கு அது காட்டிய உதாரணங்களுள் ஒன்று, மனித உடல்களின் சிதறல்களைச் சேகரிக்கும் முதல்நிலை மீட்பாளர்கள். மருத்துவ உலகமே இதை இவ்வளவு வெளிப்படையாக எழுத 33 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது என்றால், என் பெரியப்பாவைப் புரிந்துகொள்ளாத எங்கள் குடும்பத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆனால் தெரிந்த பிறகும் அப்படியே இருந்தால், அந்தக் குறை நம்முடையது.

கல் மனம் மனவலிமை அல்ல

“அது அவர்கள் வேலை. அதற்குத்தானே சம்பளம் வாங்குகிறார்கள்?” என்று சிலர் கேட்கலாம். சம்பளம் வேலைக்கு. வேலையில் கை ஒடிந்தால் சொக்சோ இருக்கிறது, மருத்துவ விடுப்பு இருக்கிறது; ஒடிந்த கையோடு நாளைக்கும் வா என்று யாரும் சொல்வதில்லை. மனம் ஒடிந்தால் மட்டும் ஏன் சொல்கிறோம்?

“நம் தாத்தா பாட்டி பார்க்காத சாவா? அவர்கள் தாங்கிக்கொண்டுதானே வாழ்ந்தார்கள்?” என்பது இன்னொரு கேள்வி. பாதி உண்மை. லயத்து வீட்டில் ஒருவர் துக்கம் பத்து வீட்டுக்கும் தெரிந்திருந்தது. தனியாக விடாமல் பக்கத்தில் உட்கார ஆள் இருந்தது. அவர்களைத் தாங்கியது கல் மனம் இல்லை, அந்தப் பத்து வீடுகள். மறு பாதியையும் சொல்ல வேண்டும். அதே லயத்துக்குப் பக்கத்தில் கள்ளுக்கடையும் இருந்தது. தாங்க முடியாதவர்கள் பலர் அங்கே போய் உட்கார்ந்தார்கள். அவர்களைக் குடிகாரர் என்றோம். ஏன் குடித்தார் என்று கேட்கவில்லை.

மனவலிமை என்றால் எதையும் உணராமல் இருப்பது என்ற எண்ணம்தான் இங்கே பெரிய தடை. சீருடை போட்டவர் அழக்கூடாது, ஆண் பிள்ளை கலங்கக்கூடாது, ஆலோசகரிடம் போனால் ‘இவனால் முடியாது’ என்று பெயர் வரும், பதவி உயர்வு போகும் என்ற பயம். 2018 அக்டோபர் 3-ஆம் தேதி, பூச்சோங், தாமான் புத்ரா பெர்டானாவில் உள்ள பழைய ஈயக்குட்டையில் 17 வயது இளைஞரைத் தேடி இறங்கிய தீயணைப்பு வீரர்கள் 6 பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களோடு பணியாற்றியவர்கள் அதற்குப் பிறகும் அழைப்பு வந்தால் தண்ணீரில் இறங்கத்தான் வேண்டும். அவர்களிடம் போய் “தைரியமாக இரு” என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. தைரியம் ஏற்கெனவே இருக்கிறது. வேண்டியது, அந்த நாளை யாரிடமாவது இறக்கி வைக்க ஓர் இடம்.

ஒரு நாள் பேச்சு போதாது

சரி, எல்லாரையும் உட்கார வைத்து ஒரு நாள் ஆலோசனை கொடுத்துவிட்டால் போதாதா? உலகம் இதைச் செய்து பார்த்துவிட்டது. தீயணைப்பு, அவசர மருத்துவப் பணியில் அனுபவம் கொண்ட அமெரிக்கரான ஜெஃப்ரி மிட்சல், 1983-இல் ஒரு முறையை அறிமுகப்படுத்தினார். விபத்துக்குப் பிறகு மீட்பாளர்களை ஒன்றாக உட்கார வைத்து, நடந்ததைப் படிப்படியாகப் பேச வைப்பது அது. நல்ல நோக்கம், பல நாடுகளில் பரவியது. ஆனால் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, எல்லாரையும் ஒரே ஒரு முறை பேச வைப்பது பின்னாளில் வரும் மனக்கோளாறைத் தடுப்பதாகத் தெரியவில்லை. 2005-இல் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி, இதை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்றே சொன்னது. காயம் ஆறத் தொடங்கும் முன்பே கிளறிவிடுவது சிலருக்குக் கெடுதலாகவும் முடியலாம்.

அப்படியானால் எது உதவும்? உலகச் சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு மூன்று செயல்களைச் சொல்கிறது: பார், கேள், இணை. யாருக்கு உதவி தேவை என்று பார். வற்புறுத்தாமல், அவர் சொல்ல விரும்புவதை மட்டும் கேள். குடும்பம், ஓய்வு, உணவு, தேவைப்பட்டால் மருத்துவர் என அவருக்கு வேண்டியதோடு அவரை இணை. நடந்ததைச் சொல் சொல் என்று பிடுங்குவது இதில் இல்லை.

பிரிட்டனின் ராயல் மரீன்ஸ் வீரர்களிடையே 1990-களில் தொடங்கிய ‘டிரிம்’ என்ற முறை இன்னொரு வழியைக் காட்டுகிறது. அதில் மருத்துவர் முதலில் வருவதில்லை. அதே வேலையைச் செய்யும் சக ஊழியர் ஒருவர் பயிற்சி பெற்றிருப்பார். சம்பவம் நடந்து சில நாள்களில் அவர் வந்து பேசுவார். ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து மறுபடியும் வருவார். இடையில் ஆறியிருக்கிறதா, மோசமாகியிருக்கிறதா என்று பார்த்து, தேவைப்படுபவரை மட்டும் நிபுணரிடம் அனுப்புவார். இந்த முறையில் எனக்குப் பிடித்தது அந்த இரண்டாவது வருகை. முதல் வாரத்தில் எல்லாரும் விசாரிப்பார்கள். ஒரு மாதம் கழித்து யார் விசாரிக்கிறார்கள்?

நிபுணரிடம் போனால் குணமாகும் என்பதையும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த நினைவைப் பாதுகாப்பான சூழலில், சிறிது சிறிதாக எதிர்கொள்ளக் கற்றுத்தரும் உளவியல் சிகிச்சைகள் இருக்கின்றன. பலருக்குப் பலன் தந்திருக்கின்றன. பல ஆண்டுகள் கடந்திருந்தாலும் காலம் கடந்துவிட்டது என்று நினைக்க வேண்டியதில்லை.

என் பெரியப்பாவுக்கு முதலில் கிடைத்தவர் தோட்டத்தில் டிரசராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு தாத்தா. ஒரு நாள் மாலை தேநீர் குடிக்க வந்தவர், பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: “நீ ஓட்டுன வேகத்துல குறை இல்லடா. அந்த அடிக்கு, பக்கத்துலயே டாக்டர் இருந்திருந்தாலும் அவன் பொழச்சிருக்க மாட்டான்.” பெரியப்பா அன்றுதான் அழுதார் என்று பெரியம்மா சொன்னார். இன்னும் கொஞ்சம் வேகமாக ஓட்டியிருந்தால் என்று இத்தனை ஆண்டும் அவர் தன்னையே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அதற்குப் பதில் சொல்லக்கூடியவர் நாலு வீடு தள்ளித்தான் இருந்தார். யாரும் இருவரையும் சேர்த்து உட்கார வைக்கவில்லை. டிரசர் தாத்தா அதற்குப் பிறகும் வந்துகொண்டிருந்தார். பின்னர் பெரியப்பா மருத்துவரிடமும் போனார். இப்போது அவர் அந்தச் சாலையில் போகிறார். எல்லாம் மறந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். சுற்று வழி மட்டும் நின்றுவிட்டது.

பட்டியலில் இல்லாதவர்கள்

காவல் துறை, தீயணைப்புப் படை போன்ற அமைப்புகளில் ஆலோசகர்களாவது இருக்கிறார்கள். பாகான் டத்தோ போன்ற ஊர்களில் விபத்து இடத்துக்கு முதலில் வந்து சேருபவர் பல நேரங்களில் அந்த அமைப்புகளைச் சேர்ந்தவரே அல்லர். செம்பனைத் தோட்டத்துச் சாலையில் ஒன்று நடந்தால் குலை வெட்டுபவர் ஓடி வருவார். ஆற்றில் ஒருவர் மூழ்கினால் மீனவர் படகை எடுப்பார். தீப்பிடித்தால் பக்கத்து வீட்டுக்காரர் வாளியோடு நிற்பார். தன்னார்வத் தீயணைப்புப் படையினரும் இருக்கிறார்கள். பகலில் வேறு வேலை, அழைப்பு வந்தால் இந்த வேலை. இவர்களைப் பின்தொடர்ந்து விசாரிக்க ஓர் அலுவலகமும் இல்லை, ஒரு கோப்பும் இல்லை.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை சில உண்டு. பெரிய விபத்து நடந்தால், முதலில் வந்து உதவிய பொதுமக்களின் பெயரையும் அவர்கள் சம்மதத்தோடு குறித்துக்கொண்டு, ஒரு மாதம் கழித்து மாவட்டச் சுகாதார நிலையத்திலிருந்து ஒருவராவது அழைத்து விசாரிக்க வேண்டும். தன்னார்வப் படைகளில் நிலையத்துக்கு இருவருக்காவது சக ஊழியர் ஆதரவுப் பயிற்சி கொடுக்க வேண்டும். ஆலோசகரிடம் போவது பணிப்பதிவில் கறையாகாது என்று எழுத்திலேயே உறுதி தர வேண்டும். தமிழில் பேசக்கூடிய ஆலோசகர்கள் வேண்டும். மனக்காயத்தைப் பற்றி யாரும் இரண்டாம் மொழியில் சரளமாகப் பேசிவிட முடியாது. இருமொழியிலும் படித்த எனக்கே, அழுகை வரும்போது தமிழ்தான் வருகிறது.

மாணவர்கள் செய்யக்கூடியது

இதெல்லாம் பெரியவர்கள் வேலை என்று நினைக்க வேண்டாம். பள்ளியில் நாம் எல்லாரும் ஏதாவது ஒரு சீருடைப் பிரிவில் இருக்கிறோம்: தீயணைப்புக் கேடட், போலீஸ் கேடட், செம்பிறைச் சங்கம், செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ். நானும் இருந்தேன். கட்டுப் போடவும், நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கவும், காயம்பட்டவரைத் தூக்கவும் கற்றுக்கொண்டேன். தூக்கிய பிறகு என் மனத்தில் என்ன நடக்கலாம் என்பதை யாரும் சொல்லித்தரவில்லை. ‘பார், கேள், இணை’ என்பதைக் கற்றுக்கொடுக்க ஒரு பிற்பகல் போதும். அடுத்த புறப்பாடக் கூட்டத்தில் உங்கள் பொறுப்பாசிரியரிடம் கேளுங்கள். ஆலோசக ஆசிரியரை அழைத்து ஒரு பாடம் நடத்தச் சொல்லுங்கள்.

2025 ஜூன் 9 அதிகாலையில் கெரிக் அருகே கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் நடந்த பேருந்து விபத்தில், சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் இறந்தார்கள். தெலுக் இந்தான் விபத்து நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதே பேராக் மாநிலம். இறந்தவர்கள் நம் வயதுக்காரர்கள். அந்த நேரத்தில் நாங்கள் விடுதியில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டது என்ன என்று யோசித்துப் பார்க்கிறேன். படங்கள்தான். விபத்துப் படத்தை ‘ஃபார்வர்ட்’ செய்வது இறந்தவரின் குடும்பத்தைக் காயப்படுத்துகிறது என்பது தெரியும். அங்கே நின்று உடல் தூக்கியவர், மறக்கப் பாடுபடும் காட்சியைத் தன் கைபேசியிலேயே மறுபடியும் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதை நான் அப்போது நினைக்கவில்லை. அந்தப் பொத்தானை அழுத்தாமல் இருக்கச் செலவே இல்லை.

உங்கள் அப்பாவோ அண்ணனோ அக்காவோ இந்தப் பணியில் இருந்தால், “எத்தனை பேர் செத்தார்கள், எப்படி இருந்தது?” என்று கேட்காதீர்கள். “சாப்பிட்டாயா, தூங்கினாயா?” என்று கேளுங்கள். அவர் பேச ஆரம்பித்தால் நடுவில் அறிவுரை சொல்லாமல் கேளுங்கள். பேசாவிட்டால் பக்கத்தில் இருங்கள். ஒரு மாதம் கழித்தும் தூக்கம் வரவில்லை, கோபம் அடங்கவில்லை, குடி கூடிவிட்டது என்றால், மருத்துவரிடம் கூடவே போங்கள். சுகாதார அமைச்சின் ‘ஹீல்’ உதவி எண் 15555. கைபேசியில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் உடனே 999.

அடுத்த ஆண்டும் சித்ரா பௌர்ணமி வரும். தேர் வரும் வழியில் போலீஸ்காரர்கள் நிற்பார்கள். ஓரத்தில் ஆம்புலன்ஸ் நிற்கும். அவர்களைக் கடந்து போகும்போது ஒரு வணக்கம் சொல்வோம், தண்ணீர் வேண்டுமா என்று கேட்போம். நம் தெருவிலும் யாராவது ஒருவர் இருப்பார், என்றோ ஓர் இரவில் யாரையோ தூக்கிக்கொண்டு ஓடியவர். அவரைக் கல் மனசுக்காரர் என்று சொல்லி விட்டுவிடாமல், இந்த வாரமே ஒரு மாலை அவர் வீட்டுக்குப் போய்த் தேநீர் குடித்துவிட்டு வருவோம். அடுத்த மாதமும் போவோம்.